நம்பையில் * போட்டால் அது அணிப் பெருக்கல் அல்ல

“பைத்தானில் இரண்டு அணிகளுக்கு (எண் அட்டவணைகளுக்கு) நடுவே * போட்டால் போதும், பிழை வராவிட்டால் விடை சரி” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) அணிகள் அர்ரேயாக இருக்கும்; அங்கே * உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அணிப் பெருக்கலுக்கு @ (பைத்தான் 3.5 முதல்). மேட்லாப் (MATLAB) என்ற இன்னொரு கணக்கு மென்பொருளில் * அணிப் பெருக்கல்தான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஒரு சாப்பாட்டுக் கடைக் கணக்கை எடுங்கள். சனிக்கிழமை 30 பரோட்டா, 40 முட்டைப் பரோட்டா. ஞாயிறு 50, 20. விலை 2 வெள்ளி, 3 வெள்ளி. விற்பனை 2×2 அணி (நாளுக்கு ஒரு நிரை, அதாவது கிடை வரிசை), விலை 2×1 நிரல் (செங்குத்து வரிசை). @ போட்டால் 180 (30×2 + 40×3), 160 (50×2 + 20×3). சரியான வசூல். * போட்டால் [[60, 80], [150, 60]]. சனிக்கிழமை விற்றதெல்லாம் 2 வெள்ளி, ஞாயிறு விற்றதெல்லாம் 3 வெள்ளி என்று கணக்குப் போட்டுவிட்டது! பிழைச் செய்தியே வராது. வடிவம் பொருந்தாத அணியை நம்பை தானே நீட்டிக்கொள்ளும் பிராட்காஸ்டிங் விதிப்படி விலை நிரல் பக்கவாட்டில் நீட்டப்படுகிறது. மூன்றாவதாக ஒரு பண்டம் சேர்த்து 2×3, 3×1 ஆக்கினால்தான் * பிழை காட்டும்.

ஆகவே @ போட்டுப் பெருக்குமுன் இரண்டின் வடிவத்தையும் அச்சிட்டுப் பாருங்கள்: முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாவதன் நிரை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளித் தேர்வு) பிள்ளைகள் தாளில் பார்க்கும் அதே விதி.