மஞ்சளில் ஈயம்: மில்லில் அரைத்தால் மட்டும் போதாது

பொடி எதையும் பாக்கெட்டில் வாங்காத வீடுகள் நம் ஊரில் இன்னும் ஏராளம். விரலி மஞ்சளை வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, இடித்து, மில்லில் கொடுத்து அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் கலப்படத்துக்கு வழியே இல்லை என்பது என் அம்மா உட்படப் பலரின் உறுதியான நம்பிக்கை. மாவு, கலர்ப் பொடி மாதிரியான கலப்படங்களுக்கு அது சரி. ஈயத்துக்கு அது போதாது. ஏனென்றால் ஈயம் சேர்வது தூளில் மட்டுமல்ல, கிழங்கின் தோலிலேயே சேர்ந்துவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். தோண்டியெடுத்த மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயவைத்தால், தோல் சொரசொரப்பாக, மண் நிறத்தில், அங்கங்கே வேரோடு இருக்கும். அதை டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். கிழங்குகள் ஒன்றோடொன்று உரசி, மேல்தோல் உதிர்ந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் நிறம் தெரியும். இதுதான் பாலீஷ். இதில் தப்பே கிடையாது. டிரம் சுற்றும்போது யாரோ ஒருவர் பளீர் மஞ்சளாக ஒரு பொடியைத் தூவும்போதுதான் விஷயம் கெடுகிறது. அந்தப் பொடி லெட் குரோமேட். ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிறம் கொடுக்கத் தயாரிக்கப்படுவது. அதைத் தூவினால் மங்கிப்போன, தரம் குறைந்த கிழங்குகூடப் புதுச் சரக்கு மாதிரி ஜொலிக்கும். அந்தக் கிழங்கை நீங்கள் வீட்டில் அரைத்தாலும் மில்லில் அரைத்தாலும் ஈயமும் சேர்ந்துதான் அரைபடும்.

இது நன்றாகத் தெரியவந்தது வங்கதேசத்தில். அங்கே கிராமப்புறக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் தொழிற்சாலையோ பேட்டரி உடைக்கும் இடமோ இல்லாத கிராமங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் வங்கதேசத்தின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து தேடின. ஈயத்துக்கு ஐசோடோப் என்று ஒரு அடையாளம் உண்டு; எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெண்களின் இரத்தத்தில் இருந்த ஈயம், மஞ்சளில் இருந்த ஈயத்தோடு ஒத்துப்போனது. 1980களில் ஒரு பெருவெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காக ஆரம்பித்த பழக்கம் இது என்று அங்குள்ளவர்கள் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டது. தூவியவர்களில் பலருக்கு அது விஷம் என்றே தெரியாது. தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே மஞ்சளைத்தான் சாப்பிட்டார்கள்.

நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் அதற்கப்புறம் நடந்தது. 2019இல் ஆய்வு வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்தது. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்குள் அதிகாரிகள் நுழைந்து, எக்ஸ் கதிரை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும், கையில் பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கிழங்கின் மேல் வைத்து அங்கேயே சோதித்தார்கள். ஈயம் இருந்த சரக்கைப் பறிமுதல் செய்து, இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். அதெல்லாம் டிவியில் வந்தது. 2019இல் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. பாலீஷ் மில் தொழிலாளர்களின் இரத்தத்திலும் ஈய அளவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நம் பக்கத்து நாடு, இரண்டே வருஷத்தில் முடித்துக் காட்டிய வேலை இது.

இங்கே நிலைமை என்ன? அதே ஆய்வாளர்கள் 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில், மொத்தச் சந்தைகளில் 356 மாதிரிகளை எடுத்தார்கள். 14 சதவீதத்தில் ஈயம் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தது. மிக மோசம் பாட்னா, கராச்சி, பெஷாவர். அங்கே கிடைத்த சில மாதிரிகளில் ஒரு கிராம் மஞ்சளில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு பத்துதான். அந்தப் பத்தைத் தாண்டிய மாதிரி கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. பெரும்பாலான மாதிரிகள் சுத்தமாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் மஞ்சளையே நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தினமும் குழம்பில், ரசத்தில், கூட்டில் போடுகிற பொருள் இது. கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போகும்.

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பில் போய் உட்கார்ந்தால் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போகிறதல்லவா, அதோடு ஈயமும் கரைந்து போகும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது உள்ளே போன ஈயம் அவள் பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொரு விஷயத்தை நாம் பேசுவதே இல்லை. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். உள்ளே போன ஈயமோ ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றுப்படி ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவர்களுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறோம், கீரை சாப்பிடச் சொல்கிறோம், சரி. அவர்களில் எத்தனை பேருக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்திருக்கிறோம்?

ஈயம் பாதித்த குழந்தைக்குக் காய்ச்சல் வராது, வீக்கம் வராது. கவனம் நிற்காது, படிப்பு ஏறாது, கோபம் வரும். ‘சேட்டை’, ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவோம். உடம்பிலிருந்து உலோகத்தை இறக்கும் கஷாயம் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ஆஸ்பத்திரி மருந்தே இரத்தத்தில் ஈயத்தைக் குறைக்கிறதே தவிர, குழந்தை இழந்த அறிவுத்திறனைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. உள்ளே போகாமல் தடுப்பதுதான் ஒரே வைத்தியம்.

எங்கள் தெரு மளிகைக் கடையில் இரண்டு வகை விரலி மஞ்சள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று மங்கல், ஒன்று பளீர். “பளிச்சுனு இருக்கறதத்தாங்க்கா எல்லாரும் கேக்கறாங்க, இது பழசுன்னு நெனச்சுக்கறாங்க” என்றார் கடைத் தம்பி. அந்தப் பளீர் மஞ்சளில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் பாலீஷாக இருக்கலாம், நல்ல ரகமாக இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதுதான் பிரச்சினையே. மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குவது நம்மால் முடிந்த ஒன்று. நான் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு மாநிலத்தின் பிள்ளைகளை ஒவ்வொரு அம்மாவின் கண்பார்வையை நம்பி விட்டுவிட முடியாது.

மஞ்சளில் லெட் குரோமேட் இருக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. மொத்தச் சந்தையில், சரக்கு கை மாறும் இடத்தில், கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும். பெட்ரோலில் ஈயம் இருந்த காலம் ஒன்று உண்டு. நாடு முழுக்க 2000இல் அதை நிறுத்தியது வண்டி ஓட்டியவர்களின் விழிப்புணர்வு அல்ல, அரசின் உத்தரவு. இதனால் விவசாயிக்கு நஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் தூவுவது வயலில் நடப்பதில்லை. நேர்மையாக விளைந்த மங்கல் மஞ்சளுக்கு விலை குறைவதே இந்தப் போலிப் பளபளப்பால்தான்.

ஈரோட்டிலோ சேலத்திலோ மஞ்சள் மண்டியில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், பாலீஷ் மில்லில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால், அங்கே ஈயத்துக்கான சோதனை நடக்கிறதா, கடைசியாக எப்போது நடந்தது என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்க்க வேண்டும்.