விட்டியரின் பனி காலண்டர் படம் அல்ல

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில், அமெரிக்கக் கவிஞர் விட்டியரின் 'ஸ்னோ-பவுண்ட்' (பனியில் அடைபட்டு) கவிதையைப் பற்றி ஒருவர் பேசினார். அங்கே நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "பனி பெய்யுது, நெருப்பு எரியுது, ஆப்பிள் சுடுறாங்க, அவ்வளவுதான் சார். காலண்டர் படத்துக்கு எதுகை போட்ட மாதிரி" என்று அவர் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. நான் எழுந்தேன். நேரமில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

ஜான் கிரீன்லீஃப் விட்டியரின் 'ஸ்னோ-பவுண்ட்' செத்துப்போனவர்களைப் பற்றிய கவிதை. 1866-ல் அது வெளியானபோது அவருக்கு வயது 58. மாசசூசெட்ஸில் ஹேவரில் ஊரை ஒட்டிய பண்ணை வீட்டில், சிறுவயதில், பனிப்புயலில் மாட்டிக்கொண்ட நாட்களைத்தான் எழுதுகிறார். அப்பா, அம்மா, அப்பாவுடன் பிறந்த மோசஸ், அம்மாவுடன் பிறந்த மெர்சி, அக்கா மேரி, தங்கை எலிசபெத் என்று கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பத்தில், எழுதும்போது உயிரோடு இருந்தது அவரும் தம்பியும் மட்டும்தான். கவிதையிலேயே தம்பியைக் கூப்பிட்டு, மிச்சம் நீயும் நானும்தானே என்கிறார். நூலின் சமர்ப்பணமே அந்த வீட்டாரின் நினைவுக்குத்தான். முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைக்கூடப் புரட்டாமல் மைக் பிடிக்கலாமா?

ஆமாம், ஆப்பிள் சுடுகிறார்கள். கணப்புக்கு முன்னால் வரிசையாக வைத்த ஆப்பிள் சீறுகிறது, குவளையில் சைடர் என்ற ஆப்பிள் பானம் மெல்லக் கொதிக்கிறது, பூனையின் நிழல் சுவரில் படுத்திருக்கும் புலி மாதிரி விழுகிறது. தொழுவத்துக்குப் போக வழி வெட்டச் சொல்கிறார் அப்பா. பையன்கள் பனியைக் குடைந்து சுரங்கம் போட்டு, அலாவுதீன் குகை என்று குதூகலிக்கிறார்கள். மேடையில் பேசியவர் இதுவரைதான் படித்திருக்கிறார் போல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்திருந்தால் எலிசபெத் வருகிறாள். 1864-ல் போய்ச் சேர்ந்த தங்கை. விளையாட்டாகக் குடைந்த அதே பனி, மாதக்கணக்கில் அவள் கல்லறைமேல் கனத்துக் கிடந்தது என்று எழுதுகிறார் மனிதர். இது காலண்டர் படமா?

"உலகமே பற்றி எரியும்போது கதகதப்பில் ஒளிந்துகொண்டவர்" என்று இன்னொருவர் கமெண்ட் போட்டிருந்தார். அடிமைமுறையை ஒட்டி மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாதபோது வந்த கவிதை இது. எழுதியவர் 1833-ல் பிலடெல்பியாவில் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். 1838-ல் அதே ஊரில் பென்சில்வேனியா ஹாலைக் கும்பல் கொளுத்தியபோது, அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையின் அலுவலகமும் அதோடு எரிந்தது. வாழ்க்கையில் பாதியை அந்தப் போராட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து வீட்டை நினைக்கிறார். அப்போதும் சும்மா நினைக்கவில்லை. அங்கே தங்கியிருந்த பள்ளிக்கூட வாத்தியாரைச் சொல்லும் இடத்தில், இவரைப் போன்ற இளைஞர்கள் தென் மாநிலங்களுக்குப் போய் அடிமைமுறையின் மிச்சத்தையும் துடைத்துப் பள்ளிகள் திறக்கவேண்டும் என்கிறார். ஒளிந்துகொண்டவர் இப்படியா பேசுவார்?

700 வரிக்கு மேல் ஒரே சந்தம், சலிக்கிறது என்பவர்களுக்கு: சில இடத்தில் சலிக்கும். சரி, விடுங்கள்.

கனமான கேள்வி வேறு ஒன்று. அதை யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். கவிதையில் விட்டியரின் அம்மா ராட்டையில் நூற்றுக்கொண்டே, ஆங்கிலேயர் குடியேறியிருந்த கோச்சிகோ ஊர்மேல் பூர்வகுடிகள் நள்ளிரவில் பாய்ந்த கதையைச் சொல்கிறாள். அது 1689. ஆனால் 1676-ல் நம்பி வந்த பூர்வகுடிகளை அதே ஊர்ப் படைத் தலைவர் வால்ட்ரன் வஞ்சகமாகப் பிடித்து, பலரை அடிமைகளாக விற்க வழிசெய்ததற்குப் பழிவாங்கல் அது. கவிதையில் அது இல்லை. குடியேறியவர்கள் பக்கத்துக் கதை மட்டும்தான் அந்தக் கணப்பில் ஓடுகிறது. இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் முதல் ஆளாகத் தலையாட்டியிருப்பேன். ஆனால் அதற்கும் முழுசாகப் படித்திருக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, "முடிச்சூர்க்காரனுக்கு அமெரிக்கப் பனி எதுக்கு?" என்று என்னைக் கேட்டார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் தரைத்தளம் மூழ்கி, மாடியில் அடைபட்டோம். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி எல்லோரும். அப்பா, தான் சின்ன வயதில் பார்த்த தனுஷ்கோடிப் புயல் செய்தியைச் சொன்னார். அத்தை அதுவரை யாருக்கும் சொல்லாத தன் முதல் கல்யாணப் பேச்சைச் சொன்னாள். அம்மா இருந்த அரிசியில் கஞ்சி வைத்துவிட்டு, கீழே தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. அவர்கள் போனபிறகுதான் விட்டியரைக் கையில் எடுத்தேன். தலை நரைத்து, இவ்வளவு பேர் போனபின்னும் நான் மட்டும் உயிரோடிருப்பது விசித்திரமாக இருக்கிறது என்று அவர் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் முடியவில்லை. எனக்கு எதுக்கு என்று கேட்கிறீர்களே!

ரசனை இல்லாமல் போனதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒருவன் தன் வீட்டுச் சாவுகளை எழுதி வைத்திருக்கிறான், அதைப் படிக்காமலே கைதட்டு வாங்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் போகிறது. எலிசபெத் வரும் அந்த வரிகளை மட்டும் யாராவது மைக்கில் வாசியுங்கள். அதற்குப் பிறகும் காலண்டர் என்று அவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.