அறுவையா, பிளேடா, மொக்கையா?

இன்று காலை காபியோடு எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம், ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் புதிர். இடமிருந்து வலம், மூன்று கட்டம்: 'கேட்பவரை நோகடிக்கும் பேச்சு'. அப்பா பேனாவாலேயே 'அறுவை' என்று எழுதிவிட்டார். பென்சிலைத் தொடவே மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. நான் 'பிளேடு' என்றேன். கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, 'மொக்கை' என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டாள். மூன்றுமே மூன்றெழுத்து!

மேலிருந்து கீழாக வந்த 'சக்கரம்' நடுக்கட்டத்தில் 'க்' வைத்தது. மகள் ஜெயித்தாள்.

அப்பா விடுவதாக இல்லை. "மொக்கைன்னா கூர் இல்லாதது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில். அறுவை அறுக்குது, சரி. கூரே இல்லாதது எப்படி நோகடிக்கும்?"

"தாத்தா, மொக்கை பிளேடுல ஷேவ் பண்ணிப் பாருங்க, தெரியும்."

அப்பா சிரித்துவிட்டார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அகராதியை எடுக்கச் சொன்னார்.

அகராதியை வைத்துக் கொச்சைச் சொல்லுக்குத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் 'கலாய்த்தல்' என்றால் சண்டையிடுதல், சினத்தல். இன்று ஒருவன் 'ஃப்ரெண்டைக் கலாய்ச்சேன்' என்றால் யாராவது சமாதானம் பேசக் கிளம்புவார்களா? லெக்சிகன் மேல் தப்பில்லை, பாவம். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காகப் புதிர் போட்டவரையும் விட்டுவிட முடியாது. அவர் குறிப்பை வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். 'ஒரு மணி நேரம் மொக்கை போட்டார்', சரி, பொருந்துகிறது. 'படம் செம மொக்கை', இங்கே பேச்சே இல்லை. 'எல்லார் முன்னாலயும் மொக்கை வாங்கினான்', இது அவமானம். மதுரை, தேனிப் பக்கம் மொக்கைச்சாமி, மொக்கையன் என்று பிள்ளைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் குறிப்பை நீட்டிப் பாருங்கள். 'கல்லூரிப் பிள்ளைகள் வாயில்' என்று இரண்டு மூன்று சொல் சேர்த்திருந்தால் அப்பா பேனாவை எடுத்திருக்கவே மாட்டார். யார் வாயில் வரும் சொல் என்று சொல்லாமல் அதற்குப் பொருள் கேட்பது போங்காட்டம்.

அது மட்டும் போதுமா என்றால், போதாது. நியூயார்க் டைம்ஸ் புதிரில் 2019 ஜனவரி 1 அன்று 'தலையை நோக்கி எறியும் பந்து, பேச்சுவழக்கில்' என்று ஒரு குறிப்பு. விடை 'பீனர்'. பேஸ்பால் ரசிகருக்கு அது பந்து. மெக்சிகோக்காரர் காதில் அது தன் இனத்தைத் திட்டும் வசை. புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். நம்மிடம் 'கஸ்மாலம்' இல்லையா? கீதையில் கண்ணன் அர்ஜுனனிடம் சொல்லும் 'கச்மலம்' போர்க்களத்தில் வந்த மனச்சோர்வு. அதையே சென்னைத் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு கீதையை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மணி பதினொன்று ஆகிறது. அப்பா 'சக்கரம்' என்பதை அடித்துவிட்டு, இரண்டாம் எழுத்து 'று' வருகிற மாதிரி வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறார்.