கலியாணக் காட் அனுப்பினாப் போதுமா? நாங்க வந்து சேர வேணாமா?

நீர்கொழும்பில கலியாணம் வைக்கிற சொந்தக்காரரே, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் காட் எழுதக்குள்ள எங்கட பக்கத்து ரோட்டை ஒருக்காவாவது நினைக்கிறீங்களா?

கோயில்ல மூணு ஞாயிறு மாப்பிளை பொம்பிளை பேரைச் சபைக்கு வாசிக்க வேணும். அதுக்கு முதல் பாதரிட்டத் திகதி, ஹோல், கேக் செய்யிறவர், போட்டோக்காரர் எண்டு எல்லாம் மாசக்கணக்கா ஓடியிருக்கும். எங்கட கைக்குக் காட் வாறது மட்டும் பத்து நாள் இருக்கக்குள்ள. ரெயின் சீற் புக்கிங் 30 நாளைக்கு முன்னமே திறந்துடும். மட்டக்களப்புக்கு ஓடுறதே விரல் விட்டு எண்ணுற ரெயின்தான். பத்து நாளைக்கு முதல் போய்க் கேட்டா சீற் எங்க இருக்கும்? விடிய விடிய நிண்டுதான் போகணும். அக்கரைப்பற்றுக்காரருக்கு அதுவும் இல்ல. 60 கிலோமீற்றருக்கு மேல பஸ்ஸில மட்டக்களப்புக்கு வந்துதான் ரெயினையே காணலாம். 2025 பெப்ரவரியில எங்கட ரெயின் பாதையில, ஹபரணைக்குக் கிட்ட கல்லோயாப் பக்கம் ரெயின் மோதி ஆறு யானை செத்தது ஞாபகம் இருக்கும். அந்தக் காட்டுக்குள்ள மெதுவாத்தான் ஓட வேணும், அதில குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா "விடிய வந்து இறங்கிடுவீங்கதானே" எண்டு போனில சொல்லுறவங்க அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லணும்.

சரி, வான் பிடிப்பம் எண்டா, ஈஸ்டருக்கு முதல் வாற தவக்காலத்திலயும் நத்தாருக்கு முதல் வாற திருவருகைக் காலத்திலயும் பெரும்பாலும் கலியாணம் வைக்கிறதில்ல. மறுகா ஈஸ்டர் முடிஞ்ச கையோட எல்லாரும் ஒரே சனிக்கிழமையில விழுவாங்க, வானுக்கும் தட்டுப்பாடு. 14 சீற் எண்டு வாற வானில மடக்குச் சீற்றையும் சேர்த்துத்தான் 14. சாமான் பேக்கோட பத்துப் பேருக்கு மேல ஏத்தினா இருக்கிறது இல்ல, திணிக்கிறது. ட்ரைவருக்கு பாட்டா எண்டு கைக்காசு தனி. அந்த மனிசன் பகல்ல நாலு மணித்தியாலமாவது படுக்க ஒரு பாய் குடுக்கிறவங்களைக் காணல்ல. ராவு முழுக்க ஓடினவரே அடுத்த ராவும் ஹபரணைக் காட்டுக்குள்ளால எங்களைக் கொண்டு வர வேணும்!

கலியாணக் காட்டைப் பாத்தா, ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பன் பேர், பட்டம், பதவி எல்லாம் தங்க எழுத்தில இருக்கும். கோயில் மட்டும் "புனித செபஸ்தியார் ஆலயம், நீர்கொழும்பு". வெல்லவீதியிலயும் செபஸ்தியார், கட்டுவப்பிட்டியிலயும் செபஸ்தியார். ஓட்டோக்காரர் தனக்குத் தெரிஞ்ச செபஸ்தியாரிட்ட இறக்கிவிட்டுப் போவார்.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க ஏலாதது உடுப்பு மாத்துற இடம். விடிய வந்து இறங்குறம், பூசை பின்னேரம் மூண்டரைக்கு. இடையில எங்க முகம் கழுவுற? கலியாண வீட்டில ஒரு அறை பொம்பிளைக்கு, ஒரு அறை அலங்காரக்காரிக்கு, மிச்சம் பூவும் பெட்டியும். "கோயில் ஹோலில மாத்துங்க" எண்டு சொல்லுவாங்க, திறப்பு வச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிருப்பார். திறந்தாலும் ஒரு பாத்ரூம், ஈரத் தரை, கதவில கொழுவ ஒரு ஆணி இல்ல. ஒரு சாறி மடிப்பெடுத்துப் பின் குத்த இருபது நிமிசம். ஆறு பொம்பிளையளுக்கு ரெண்டு மணித்தியாலம், கண்ணாடி ஒண்டு. சாறிக் கரை நனைஞ்சா பூசை முடியிற வரைக்கும் காலில ஒட்டிக்கிட்டே இருக்கும். பூசையில நன்மை (நற்கருணை) எடுக்கிறவங்க ஒரு மணித்தியாலத்துக்கு முதலே சாப்பாட்டை முடிக்கவும் வேணும், அது எந்தக் கடையில எண்டு கலியாணக் காட்டில இல்ல.

கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. காலம ஒன்பது மணியில இருந்து ஒரு அறை, ரெண்டு கண்ணாடி, ஒரு அயன், பத்து ஆணி. திறப்பு வச்சிருக்கிறவரிட போன் நம்பர். ஹோல் மேடைப் பூவுக்குக் குடுக்கிற காசில இது எத்தனை தரம் முடியும்!

பூசை அஞ்சு மணிக்குள்ள முடியும். மாப்பிளையும் பொம்பிளையும் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போனா, உள்ளூர்க்காரர் வீட்டுக்குப் போய்க் குளிச்சு வேற உடுப்போட ஏழரைக்கு வருவாங்க. நாங்க அதே சாறியோட ஹோல் வாசல்ல, கையில ஒரு பட்டீஸ். மறுகா டோஸ்ட், பேச்சு, டான்ஸ். பத்து மணிக்கும் சாப்பாட்டுச் சட்டி மூடினபடிதான். புறப்பட நேரம் எண்டு எழும்பினா, "ஐயோ மாமி, சாப்பிடாமப் போறீங்களே" எண்டு கையைப் பிடிப்பாங்க. கேக் துண்டாவது தாங்க எண்டு கேட்டா, அது கடைசியிலதான் குடுக்கிறதாம்.