சொனியா, கெனனா, நிக்கோனா: மாறுவதென்றால் எப்போது மாறுவது?

ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து பெடியன்களின் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் என் இன்பொக்ஸுக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, கெனனை வித்துட்டு சொனிக்குப் போகலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். இங்கே ஒரேயடியாகப் போட்டுவிடுகிறேன். கோபம் வருகிறவர்கள் நேரில் வந்து சண்டை பிடிக்கலாம், பின்னேரத்தில் திருகோணமலை டச்பே கடற்கரைப் பக்கம்தான் நிற்பேன்.

என் கருத்து இதுதான். படம் எடுத்துப் பிழைக்கிற ஒருவர் பிராண்ட் மாறுவதற்குச் சரியான நேரம் ஒரு தடவைதான் வருகிறது: உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கமெராவை விட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போகும்போது. அப்போது மவுண்ட், அதாவது கமெராவில் லென்ஸ் மாட்டும் வாய், எப்படியும் மாறப்போகிறது. நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, கெனனின் ஈஎஃப் மவுண்ட் 1987இல் வந்தது. இரண்டு பேரும் 2018இல் அவற்றைவிட்டு இசட், ஆர்எஃப் என்று புதிய மவுண்டுகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே இன்னும் நிக்கோன் டி750, கெனன் 5டி மார்க் 3 போன்ற டிஎஸ்எல்ஆரைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவர் மூன்று பக்கமும் விலை விசாரிப்பது நியாயம். ஏற்கனவே மிரர்லெஸ்ஸுக்கு வந்து, நல்ல லென்ஸ் இரண்டு மூன்றும் வாங்கிவிட்டு, யூடியூபில் யாரோ சொன்னான் என்பதற்காகத் திரும்பவும் மாறுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் கமெராக்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. சொனி ஏ7-4, கெனன் ஆர்6 மார்க் 2, நிக்கோன் இசட்6-3 மூன்றும் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஏறக்குறைய ஒரே விலை, 2,500 டொலர். சொனி 33 மெகாபிக்சல், மற்ற இரண்டும் 24ஐச் சுற்றி. நிறை பார்த்தால் சொனி 658 கிராம், கெனன் 670, நிக்கோன் 760. அந்த நூறு கிராம் காலை ஐந்து மணிக்குத் தெரியாது, பகல் பந்தி முடியும் நேரத்தில் மணிக்கட்டு சொல்லும். வ்யூஃபைண்டரில் நிக்கோன் மற்ற இரண்டையும் விடத் தெளிவு. கண்ணைப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் மூன்றுமே, ஒரு டிஎஸ்எல்ஆர்காரருக்கு மாயவித்தை போலத்தான் இருக்கும்.

இருட்டிலும் அப்படித்தான். சிவராத்திரியை ஒட்டி கோணேசர் நகர்வலம் வருவதை இரவில் எடுத்தவர்களுக்கு இது விளங்கும். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு வெளிச்சம் கீழிருந்து, ரியூப் லைட் வெளிச்சம் பக்கத்திலிருந்து, நடுவில் கற்பூரப் புகை. சென்சரின் வெளிச்ச உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400க்கு உயர்த்தி எடுத்த படங்களை நானும் இரண்டு நண்பர்களும் ஒரே கணினியில் போட்டுப் பார்த்தோம், மூன்று பிராண்டும் இருந்தன. கமெரா பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே சொல்ல முடியவில்லை. எஃப் 1.8 லென்ஸ் வைத்திருந்தவனின் படம் மட்டும் தனியாகத் தெரிந்தது (எஃப் எண் சிறிதானால் லென்ஸுக்குள் வெளிச்சம் கூட வரும்).

வித்தியாசம் உண்மையிலேயே கண்ணில் படும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நம் கலியாண மண்டபங்களின் எல்இடி விளக்கு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால், சென்சர் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும் அந்த இடைவெளிக்குள் விளக்கு பல தடவை மங்கிவிடும், கூறைச்சேலையில் குறுக்குக் கோடுகள் விழும். மூன்றில் சென்சரை ஆக மெதுவாக வாசிப்பது ஏ7-4. ஆக வேகம் இசட்6-3. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/100இல் வைத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கெட்டிமேளம் கொட்டும்போது ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? தேவாலயக் கலியாணம் அதிகம் செய்கிறவர்கள் மட்டும் இதை யோசித்து வாங்குங்கள். அங்கே ஒவ்வொரு கிளிக்குக்கும் சுவாமியார் திரும்பிப் பார்ப்பார்.

சரி, இனி லென்ஸுக்கு வருவோம். காசு போவது இங்கேதான்.

சொனி தன் ஈ மவுண்டின் விபரங்களை 2011இலேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலன்தான் இன்று சொனிக்காரர் கையில் இருக்கும் சிக்மா, டாம்ரோன் நிறுவனங்களின் லென்ஸ்கள். சொனியின் சொந்த 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 2,300 டொலர் என்று வந்தது, சிக்மாவின் 24-70 எஃப் 2.8 வந்தது 1,100க்கு, டாம்ரோன் 28-75 வந்தது 900க்கு. கலியாண அல்பத்தில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாமியார் இன்னும் பிறக்கவில்லை. கெனன் இதற்கு நேர் எதிர். ஆர்எஃப் மவுண்டுக்கு ஓட்டோஃபோகஸ் லென்ஸ் செய்துகொண்டிருந்த வில்ட்ரொக்ஸ் நிறுவனம் 2022இல் நிறுத்த வேண்டி வந்தது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரோனுக்கும் கதவைத் திறந்தார்கள், அதுவும் சிறிய சென்சர் கமெராக்களுக்கான லென்ஸ்களுக்கு. அதே வருடம் 1,100 டொலருக்கு 28-70 எஃப் 2.8 ஒன்றைக் கெனனே இறக்கியது. நல்ல லென்ஸ், பிந்தி வந்தது. நிக்கோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆகவே கையில் ஒன்றுமே இல்லாத, புதிதாகத் தொடங்குகிற தம்பிக்கு நான் சொல்வது சொனி. கெனன் வைத்திருக்கிற நானே சொல்கிறேன். புறாமலைக்கு அப்பால் திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகளில், அல்லது தம்பலகாமம் வயல்வெளிப் பறவைகளுக்காக, நீண்ட லென்ஸோடு அலையப்போகிறவர் நிக்கோனையும் பாருங்கள். இசட் 180-600 வெளிவந்தபோது 1,700 டொலர், சொனி 200-600 விலை 2,000, கெனன் 100-500 விலை 2,700. கெனனில் 200-800 என்று 1,900க்கு ஒன்று உண்டு, ஆனால் நீட்டினால் எஃப் 9. விடியற்காலை கடலில் எஃப் 9 போதாது.

டிஎஸ்எல்ஆர்காரருக்குக் கணக்கு வேறு. பழைய ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர் கெனனின் அடப்டரைப் போட்டு ஆர்6 மார்க் 2இல் மாட்டினால் அவை முன்பைவிட நன்றாக ஃபோகஸ் செய்கின்றன. அடப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் வளையமும் மின்தொடர்பும்தான், படத்தின் தரம் குறையாது. என் 70-200ஐ அப்படித்தான் ஓட்டுகிறேன். நிக்கோன்காரருக்கு ஒரு எச்சரிக்கை: பழைய எஃப் லென்ஸை இசட் கமெராவில் மாட்டும் எஃப்டிஇசட் அடப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. நம் ஊர் பழைய ஸ்ரூடியோக்களில் இன்றும் உழைக்கிற, தமக்குள்ளும் மோட்டார் இல்லாத 80-200 எஃப் 2.8டி, 85 எஃப் 1.8டி எல்லாம் அதில் கையால்தான் ஃபோகஸ். அப்படிப்பட்ட லென்ஸ்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு நிக்கோனிலேயே நிற்க வேண்டிய காரணம் பெரிதாக இல்லை. அவர் தாராளமாக மாறலாம்.

நிறம் பற்றிய சண்டையை நான் சுருக்கமாகவே முடிக்கிறேன். "சொனியில் நம்மாட்களின் முகம் பச்சையடிக்குது" என்பது முதல் தலைமுறைக் கமெராக்களில் ஓரளவு உண்மை. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை, கமெரா எப்போதோ மாறிவிட்டது. ரோ (கமெரா நிறம் பூசாத மூலக் கோப்பு) எடுத்து, வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஜேபெக் எடுத்து அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவருக்கு மட்டும் கெனன் கொஞ்சம் வேலை மிச்சம்.

மாறப்போகிறவர்கள் கணக்குப் போடும்போது விட்டுவிடுகிற சில்லறைகள்தான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். கொடொக்ஸ் பிளாஷ் வைத்திருக்கிறீர்களா? கமெராவிலிருந்து அதை எரிய வைக்கிற ட்ரிகர் கெனனுக்கு ஒன்று, நிக்கோனுக்கு ஒன்று, சொனிக்கு இன்னொன்று. பற்றரி எல்லாம் புதிது. இசட்6-3இல் ஒரு மெமரி கார்ட் துளை சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை, அந்த கார்ட் மலிவில்லை. இதற்கு மேல் டொலர். 2022 நெருக்கடிக்கு முன் 200 ரூபாவாக இருந்த டொலர் இன்று 300ஐச் சுற்றி நிற்கிறது. 2,500 டொலர் கமெரா அன்று ஐந்து இலட்சம், இன்று வரி, கடைக்காரர் இலாபம் எதுவும் சேர்க்காமலே ஏழரை இலட்சம். பழையதை விற்று வரும் காசில் சமாளிக்கலாம் என்கிறீர்கள், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் பாவித்த டிஎஸ்எல்ஆருக்கு இப்போது வரும் விலையைச் சொன்னால் அழுகை வரும்.

இன்னொன்றும் உண்டு, ஒப்பீட்டு வீடியோ எதிலும் வராது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு உங்கள் லென்ஸ் வேலை செய்யாமல் போனால் யாரிடம் போவீர்கள்? கொழும்புக்கு இரவு ரயிலில் அனுப்பித் திருத்தி வருவதற்குள் பிள்ளைக்கு முப்பத்தொன்றும் முடிந்துவிடும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருக்கிற கூட்டாளியிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் வட்டத்தில் கெனன் அதிகம். ஒருவரிடம் 85 இருக்கும், இன்னொருவரிடம் 16-35 இருக்கும், ஒரு கோலில் வீட்டுக்கே வந்துவிடும். நான் கெனனிலேயே நிற்பதற்கு அடப்டர் பாதிக் காரணம், இவர்கள் மீதிக் காரணம். கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த தம்பிமார் எல்லோரும் சொனி. அங்கே தொழில் தொடங்குகிற ஒருவர் என் பேச்சைக் கேட்டுக் கெனன் வாங்கினால், அவசரத்துக்கு லென்ஸ் கேட்கப் பாலம் தாண்டி எங்களிடம்தான் வர வேண்டும்.

பாவித்த லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஒரு டோர்ச் கொண்டு போங்கள். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். மாரிமழைக் காலத்தில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸ் என்றால் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சணம் ஓடியிருக்கும். உப்புக்காற்று வேறு. மவுண்டைச் சுற்றி இருக்கிற திருகாணிகளில் கறள் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

இந்தத் தடவை மாறப்போகிற யாரிடமாவது பூஞ்சணம் பிடிக்காத ஈஎஃப் 135 எஃப் 2 இருந்தால் என் இன்பொக்ஸுக்கு வாருங்கள். சொனிக்குப் போவதற்கு முழு ஆசீர்வாதத்தோடு, நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.