அரை லிட்டர் ஆயிலுக்கு அரை நாள் லீவா?

கார் இஞ்சினில் ஆயில் குறைந்திருக்கிறது, ஊற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மூடியைத் திருகி, ஊற்றி, மூடினால் வேலை முடிந்தது. இதை பெங்களூரில் ஒரு மனுஷன் நிம்மதியாகச் செய்துவிட முடியுமா என்றால், முடியாது. சர்வீஸ் சென்டர், கடை, பெட்ரோல் பங்க், அப்பார்ட்மென்ட் அறிவாளிகள் என்று எல்லோரும் வரிசை கட்டிக் குறுக்கே நிற்கிறார்கள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், சூடாகத்தான் இருக்கும்.

முதலில் சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே லட்சணம்தான். "டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) ஆயில் மினிமத்துக்கு வந்துவிட்டது, சர்வீஸுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கிறது" என்று போனில் சொன்னேன். அட்வைசர் ஓசூர்ப் பக்கத்துப் பையன், நல்ல தமிழ். "சார், புது வண்டில ஆயில் குறையவே குறையாது. நீங்க பார்த்ததுல ஏதோ தப்பு." சரி, வண்டியைக் கொண்டுபோய் அவன் கண் முன்னாலேயே உருவிக் காட்டினால், குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் அடுத்த வசனம்: "டர்போ வண்டில இது நார்மல் சார்."

ஏம்ப்பா, குறையவே குறையாது என்றாய். இப்போது குறைவது நார்மல் என்கிறாய். ரெண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில்லேன். நார்மல்தான் என்றால், டெலிவரி அன்றைக்குக் கேக் வெட்டி, மாலை போட்டு, குடும்பத்தோடு போட்டோ எடுத்தீர்களே, அப்போது சொல்ல வாய் வரவில்லையா? புளூடூத்தை எப்படி இணைப்பது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்த ஆள், பானெட்டைத் திறந்து "இதுதான் டிப்ஸ்டிக், மாசம் ஒரு தடவை பாருங்க" என்று சொல்ல அரை நிமிஷம் ஒதுக்கவில்லை.

இத்தனைக்கும் இது ஒளித்து வைத்த ரகசியமில்லை. மேனுவலிலேயே இருக்கிறது. மேனுவலை இப்போதெல்லாம் சிலர் அச்சடித்துத் தருவதில்லை, ஆப்பில் போய்ப் படி என்கிறார்கள். படித்துப் பாருங்கள். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் செலவாகலாம் என்று சில கம்பெனிகள் எழுதியிருக்கின்றன, 1 லிட்டர் வரை என்றே சில மேனுவல்களில் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்றால், ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை ஓடும் 10,000 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். சின்ன பெட்ரோல் இஞ்சினின் மொத்தக் கொள்ளளவே மூன்றரை, நாலு லிட்டர்தான். அதாவது, அவர்களே "பரவாயில்லை" என்று எழுதி வைத்த வேகத்தில் ஆயில் குறைந்தால், அடுத்த சர்வீஸ் வருவதற்குள் இஞ்சின் வறண்டு போயிருக்கும். நடுவில் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் எண்ணே சொல்கிறது. ஆனால் ஊற்றப் போனால் முறைக்கிறார்கள்.

எல்லா வண்டியும் இப்படிக் குடிக்காது என்பது உண்மை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி எரியும், வால்வ் தண்டின் சீல் வழியாகக் கொஞ்சம் இறங்கும், டர்போ சீல் வழியாகக் கொஞ்சம், இஞ்சின் மூச்சு விடும் பி.சி.வி. குழாய் வழியாக ஆவியாகக் கொஞ்சம். நல்ல இஞ்சினில் இதெல்லாம் சேர்ந்தாலும் அடுத்த சர்வீஸ் வரை கோட்டுக்கு மேலேயே இருக்கும். அப்படி இல்லாத வண்டிக்காரன் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, அந்த 10,000 கிலோமீட்டர் என்ற எண். அது ஓடுகிற வண்டிக்குப் போட்ட எண். பெங்களூரில் எங்கே சாமி வண்டி ஓடுகிறது? டாம்டாம் நிறுவனம் 2023க்கு எடுத்த கணக்குப்படி நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 28 நிமிடத்துக்கு மேல். அது சராசரி. சாயங்காலம் ஆறரை மணிக்கு சில்க் போர்டிலோ கே.ஆர். புரத்திலோ நின்றவர்களுக்குத் தெரியும், மீட்டர் நகராது, இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சேலம் ஹைவேயில் பத்து கிலோமீட்டர் போன இஞ்சினும், இங்கே பத்து கிலோமீட்டர் ஊர்ந்த இஞ்சினும் மீட்டரில் ஒன்றுதான், உழைத்த நேரமோ நாலு மடங்கு. நின்று நின்று போவது, குறைந்த தூரம், தூசி, இதெல்லாம் கடுமையான பயன்பாடு, ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று பல மேனுவல்களில் தனிப் பட்டியலே உண்டு. பெங்களூர் வண்டி முழுக்க அந்தப் பட்டியலில்தான் வாழ்கிறது. கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் மட்டும் மாறாத 10,000.

சரி, ஊற்றியாவது கொடுங்கள் என்றால், "ஜாப் கார்டு போடணும் சார். ஸ்லாட் வியாழக்கிழமைதான். காலைல விட்டுட்டு மத்தியானம் எடுத்துக்கோங்க." அரை லிட்டருக்கு! ஒரு டின்னை விலைக்குக் கொடுங்கள், நானே ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். "பேரல்ல வர்றது சார், டின்ல இல்ல." அப்போ வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்றதும் பிரம்மாஸ்திரம்: "வெளி ஆயில் ஊத்துனா வாரன்டி போயிடும்." மேனுவலில் போட்டிருக்கிற அதே கிரேடு, அதே தரம், பில்லோடு வாங்கி ஊற்றினால் எந்த விதியின் கீழ் போகும், எழுதிக் கொடு என்று கேட்டேன். "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்." மேனேஜர் இன்றுவரை ஏதோ மீட்டிங்கில் இருக்கிறார்.

வியாழக்கிழமை வண்டியை விட்டால் சும்மா இருப்பார்களா? மத்தியானம் போன் வரும். திராட்டில் பாடி கிளீனிங் பண்ணிடலாமா சார், ஏ.சி. கிருமி நீக்கம் பண்ணிடலாமா சார், இஞ்சின் ஃப்ளஷ் ஒன்று இருக்கு சார். ஆயில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியும்.

ஜே.சி. ரோட்டுக் கதை தனி. டவுன் ஹால் பக்கம் இருந்து நுழைந்தால் வண்டி நிறுத்த இடமில்லை, நடக்க இடமில்லை, ஆனால் எந்த வண்டிக்கும் எந்தச் சாமானும் கிடைக்கும். கடையில் தமிழ்க்காரர். "என்ன வண்டிண்ணா?" என்று கேட்டார், சொன்னேன். மேலே எட்டி ஒரு டின்னை எடுத்து வைத்தார். 15டபிள்யூ-40. அண்ணே, இஞ்சின் மூடியிலேயே 5டபிள்யூ-30 என்று அச்சடித்திருக்கிறது என்றால், "அட, நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியா இருந்தாதான் நல்லது. எல்லாரும் இதான் வாங்குறாங்க." எல்லோருக்கும் இஞ்சினைப் பற்றி ஒரு சொந்த தத்துவம் இருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கிறது சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டி என்பதற்கு. இன்றைய இஞ்சின்களின் இடுக்குகளும் ஆயில் பம்பும் அந்த எண்ணை வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. வெயிலை அவர்களும் யோசித்திருப்பார்கள்.

எண் மட்டும் ஒத்துப்போனாலும் போதாது, அதன் கீழே பொடி எழுத்தில் ஏ.பி.ஐ. எஸ்.பி. (அமெரிக்கத் தரம்) என்றோ ஏ.சி.இ.ஏ. சி3 (ஐரோப்பியத் தரம்) என்றோ இருக்கும் தரக் குறியீடும் பொருந்த வேண்டும். எஸ்.பி. என்பது 2020இல் வந்தது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. அதைத் தடுக்கிற சோதனையும் அந்தத் தரத்தில் அடக்கம். இதையெல்லாம் கடைக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். அதற்கே மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. மூன்றாவது கடையில் கிடைத்த டின்னின் மூடி வளையம் லேசாக விட்டிருந்தது. காலி டின்னைப் பொறுக்கி, கண்ட எண்ணெயை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிற நாட்டில், பிரிந்த சீலை எப்படி நம்புவது? திருப்பிக் கொடுத்தால் அவருக்குக் கோபம். "ஏனூ ஆகல்ல சார்!" ஒன்றும் ஆகாதாம்.

பங்கில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் ஊற்றுகிற 20டபிள்யூ-40 இருக்கிறது, போடவா என்றான் பையன். நடுரோட்டில் ஆயில் மினிமத்துக்குக் கீழே போய் நிற்கிற அவசரம் என்றால், எந்த இஞ்சின் ஆயிலையும் ஒரு அரை லிட்டர் ஊற்றி வீடு சேர்வது தப்பில்லை. எனக்கென்ன அவசரம்?

கடைசியில் ஆயிலை வாங்கி வீட்டுக்கு வந்தால் பேஸ்மென்ட். தண்ணீர் வடிய வேண்டும் என்று எங்கள் அப்பார்ட்மென்டில் தரையை ஒரு பக்கமாகச் சரித்து ஊற்றியிருக்கிறார்கள். சரிவில் நின்றால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். வண்டியை வெளியே, கேட்டுக்கு முன்னால் சமதளத்தில் நிறுத்தினால் செக்யூரிட்டி விசில். இஞ்சினை அணைத்துவிட்டு, மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க ஐந்து பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பின்னால் மூன்று ஹாரன். டிப்ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, திரும்பச் சொருகி, திரும்ப உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். புது ஆயில் அவ்வளவு வெளிர், அந்தத் தகட்டில் எங்கே முடிகிறது என்றே கண்ணுக்குப் படாது. மினிமம், மேக்ஸிமம் காட்டும் ரெண்டு ஓட்டைக்கும் நடுவில் பெரும்பாலான வண்டிகளில் 1 லிட்டர் சுமார்தான் வித்தியாசம். இருநூறு மில்லி ஊற்று, காத்திரு, பார். மறுபடி இருநூறு. பெரிய வித்தை எதுவுமில்லை, பொறுமைதான் வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் ஊர் விடமாட்டேன் என்கிறது.

"என்ன சார், நீங்களே மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று மூன்றாம் மாடி மாமா வந்து நின்றார். அவர் அறிவுரை: "இதையெல்லாம் நோண்டாதீங்கோ. குறைஞ்சா டேஷ்போர்ட்ல சிவப்பா லைட் எரியும், அப்போ பார்த்துக்கலாம்." இந்த ஒரு வசனத்துக்குத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு. மாமா, அந்தச் சிவப்பு எண்ணெய்க் கூஜா அளவைக் காட்டுகிற லைட் இல்லை. அழுத்தத்தைக் காட்டுகிற லைட். அது எரிகிறது என்றால் பம்ப் உறிஞ்ச ஆயில் போதவில்லை, இஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்குகிற கிராங்க் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே அணைத்து ஓரம் கட்ட வேண்டும். அதற்கு அப்புறம் "பார்த்துக்க" இஞ்சின் பாக்கி இருந்தால் அதிர்ஷ்டம். அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு வைத்த வண்டிகள் சில உண்டு. என்னுடையதில் கிடையாது, மாமாவுடையதிலும் கிடையாது.

அதிகமாக ஊற்றினால் நல்லதுதானே என்கிற கட்சியும் இருக்கிறது. அந்தக் கட்சியின் தலைமையகமே சர்வீஸ் சென்டர்தான். போன சர்வீஸ் முடிந்து வந்ததும் பார்த்தேன், மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. அளவு ஏறினால் கிராங்க் ஷாஃப்ட் உள்ளே மத்து போட்டுக் கடைகிற மாதிரி ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் ஏறாது. மிச்சம் பி.சி.வி. வழியாக காற்று இழுக்கும் இன்டேக்கில் ஏறி எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். உறிஞ்சி எடு என்றேன். "ஓட ஓடக் குறைஞ்சிடும் சார்" என்கிறான். குறையவே குறையாத ஆயில், இப்போது தானாகக் குறைந்துவிடுமாம்!

டீசல்காரர்கள் பாடு இதற்கு நேர் எதிர். ஆபீஸ் நண்பர் ஒருவருடைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் ஆயில் ஏறுகிறது. புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். தன்னைத்தானே சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பல வண்டிகளில் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். டிராஃபிக்கில் அந்த வேலை பாதியில் நின்றுபோனால் எரியாத டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு உயரும், தரம் நீர்க்கும். "ஆயில் குறையவே இல்லை, சூப்பர் வண்டி" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள் என்று சொன்னதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்போது நிலவரம் என்னவென்றால், நான் மெயிலுக்கு மேல் மெயில் போட்டதில் ஒரு வழியாக ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேல் கோடு வரை நிரப்பி, டிப்ஸ்டிக்குக்கும் மூடிக்கும் சீல் வைத்து அனுப்புவார்கள். 1000 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தால், எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்து முடிவு சொல்வார்களாம். நியாயமான சோதனைதான், மறுக்கவில்லை. சீல் வைத்துவிட்டால் நடுவில் அளவு இறங்குகிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் கேட்டேன்.

"டேஷ்போர்ட்ல சிவப்பு லைட் எரிஞ்சா போன் பண்ணுங்க சார்."