பிள்ளையின் விசுவாசத்தைத் தாயின் முழங்காலில் அளப்பவர்களுக்கு

அந்தப் பிரசங்கத் துணுக்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்த வாரம் உங்களில் பெரும்பாலானோர் அதைப் பார்த்திருப்பீர்கள், சிலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். பிள்ளை சபைக்கு வராமல் போனால் அந்த வீட்டில் தாயின் முழங்கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம் என ஒரு பாஸ்டர் சொல்ல, கூடியிருந்தவர்கள் ஆமென் சொல்ல, பின்னால் கீபோர்டு இசை எழும்பி முடிகிறதே, அதேதான். எனக்கு அது பல பேரிடமிருந்து வந்து சேர்ந்தது. அவர்களில் ஒருவர் எங்கள் ஜெபக்குழுவில் என் பக்கத்திலேயே உட்காருகிறவர். "அக்கா, இது உங்களுக்கென்றே கர்த்தர் கொடுத்த வார்த்தை என்று உணர்த்தப்பட்டேன்" என்று எழுதி, கூப்பிய கைகளின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒரு பிள்ளை விசுவாசத்தை விட்டு விலகி நின்றால் அதற்குத் தாயின் ஜெபக் குறைவுதான் காரணம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் செய்தி வந்த இரவே வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இப்படி ஒரு வாக்கியம் உண்மையிலேயே இருந்தால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தேடினேன். நான் கண்டதெல்லாம் அதற்கு நேர்மாறாகவே இருந்தது.

தாய்மார் கூட்டங்களில் அன்னாளைப் பற்றிப் பேசாத ஆண்டே இல்லை. அவள் அழுது ஜெபித்தாள், சாமுவேலைப் பெற்றாள், அவனைக் கர்த்தருக்கே கொடுத்தாள் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறோம். சாமுவேலின் முதல் புத்தகத்தில் இன்னும் ஏழு அதிகாரம் தள்ளிப் படித்தால், அந்தச் சாமுவேலின் குமாரர்களான யோவேலும் அபியாவும் தகப்பன் வழியில் நடவாமல் பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள் என்று எழுதியிருக்கிறது. சாமுவேல் ஜெபிக்காதவரா? ஜனங்களுக்காக விண்ணப்பம் செய்யாதிருப்பதே கர்த்தருக்கு விரோதமான பாவம் என்று ஜனங்கள் முன்பாகச் சொன்னவர் அவர். எரேமியாவின் புத்தகத்தில் கர்த்தரே மோசேயோடு சேர்த்துப் பெயர் சொல்லும் அளவுக்கு மன்றாட்டுக்குப் பேர்போனவர். அப்படிப்பட்டவருடைய வீட்டிலேயே பிள்ளைகள் வழி தவறினார்கள் என்றால், அந்தத் துணுக்கில் பேசியவருடைய கணக்கு எந்த வீட்டுக்குப் பொருந்தும்? ஏசாயா முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் படித்துப் பாருங்கள். நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம் பண்ணினார்கள் என்று சொல்கிறவர் கர்த்தர். பிள்ளைகள் விலகிப்போன வேதனையை அவரே வாய்திறந்து சொல்லியிருக்கும்போது, அதே வேதனையில் இருக்கும் ஒரு தாயைப் பார்த்து உன்னிடம்தான் குறை இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு எப்படித் துணிவு வருகிறது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தாயின் ஜெபத்தை வெளியிலிருந்து பார்த்து அளக்கும் வேலையை வேதத்திலேயே ஒருவர் செய்தார். அன்னாளின் உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை, ஆகவே இவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி முடிவு கட்டினார். அவருடைய இரண்டு குமாரர்களும் அப்போது அதே ஆலயத்தில் காணிக்கையை அவமதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அடுத்த அதிகாரத்தில் வருகிறது. அன்னாள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னதும் ஏலி தன் வார்த்தையை மாற்றி, சமாதானத்தோடே போ என்று அவளை ஆசீர்வதித்தார். அந்த அளவுக்காவது இன்றைக்கு யாராவது செய்கிறார்களா?

"அப்படியானால் தாயின் ஜெபத்துக்கு வல்லமை இல்லை என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ஒருவர் கேட்டும்விட்டார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? பாத்திரம் கழுவும்போதும், துணி மடிக்கும்போதும், வேலை முடிந்து திரும்புகிற வழியிலும், தூக்கம் வராத இரவுகளில் கணவரை எழுப்பிவிடாமல் எழுந்து உட்கார்ந்தும் என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே இருப்பவள் நான். கர்த்தர் கேட்கிறார் என்று நம்பாவிட்டால் இதையெல்லாம் எதற்காகச் செய்கிறேன்? ஜெபத்துக்கு வல்லமை உண்டு. ஆனால் எந்த நாளில், எந்த வழியில் பதில் கொடுப்பது என்பதை அவர் தம்முடைய கையில் வைத்திருக்கிறார். பதில் தாமதமாகிறது என்பதற்காக, கேட்கவே இல்லை என்று தாயின் மேல் குற்றம் சாட்டுவது ஜெபத்தைப் புகழ்வது ஆகாது. ஒரு மனுஷியின் மேல் பாரத்தை ஏற்றிவிட்டு நகர்ந்துபோவதுதான் அது.

சபைப் பிதாவான அகுஸ்தீனின் தாய் மோனிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்ததாக எல்லோரும் அவரைத்தான் இழுப்பீர்கள். அகுஸ்தீன் 354இல் பிறந்து, இளவயதில் தாயின் விசுவாசத்தை விட்டு விலகி, மானிகேயர்கள் என்ற வேறொரு மதக் குழுவோடு சேர்ந்துகொண்டவர். 383இல் அவர் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமுக்குக் கப்பலேறியபோது நடந்ததை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். தாய் தன்னை விடமாட்டார் என்று தெரிந்து, நண்பன் ஒருவனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, கப்பலுக்கு அருகில் இரத்தசாட்சியான சிப்ரியானின் நினைவாக இருந்த ஓர் ஆலயத்தில் அன்றிரவு தங்கியிருக்கும்படி அவரைச் சம்மதிக்க வைத்தார். மோனிக்கா அங்கே அழுது ஜெபித்துக்கொண்டிருந்த அதே இரவில் கப்பல் பாய் விரித்தது. எந்த இரவில் அந்தத் தாய் முழு மனதோடு ஜெபத்தில் இருந்தாரோ, அந்த இரவில்தான் பிள்ளை கையை விட்டுப் போனான். பொழுது விடிந்து, கரையில் கப்பல் இல்லாமல் நின்ற மோனிக்காவிடம், "உன் முழங்கால் தரையைத் தொடவில்லை" என்று நம்முடைய பிரசங்கியார் போய்ச் சொல்லியிருப்பாரா? 387இல் மிலான் நகரில் அங்கிருந்த பேராயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றதையும், அதே ஆண்டில் ஒஸ்தியாவில் மோனிக்கா மரித்ததையும் நாம் அறிந்திருப்பதால், அந்தக் கண்ணீருக்குக் கிடைத்த பலன் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மோனிக்கா அந்தக் கரையில் நின்றபோது அவருக்கு அது தெரியாது. நானும் இப்போது அப்படித்தான் நிற்கிறேன், என்னைப் போல் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

என் மகனைப் பற்றிச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், எழுதுங்கம்மா என்று சொன்னான். சிறு வயதில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்த ஓர் இரவில், ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறக்காமலேயே, "இயேசப்பாவுக்கும் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப காய்ச்சல் வந்திருக்குமாம்மா?" என்று கேட்டவன் அவன். வந்திருக்கும் என்றேன். அப்படியானால் அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனங்களை ஒப்புவித்து ஆண்டுதோறும் பரிசு வாங்கியவன். குடும்ப ஜெபத்தில் தங்கைக்கு வசனத்தைக் காதோரம் சொல்லிக் கொடுத்து அவளையும் ஜெயிக்க வைத்தவன். அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு நாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நம்பாம நின்னு பாடறது பொய் சொல்ற மாதிரி இருக்கும்மா. பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றான். எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவன் என்னிடம் நேராக வந்து உண்மையைச் சொன்னான், மறைத்து வாழவில்லை என்பதையும் ஒரு தாயாக நான் கவனிக்காமல் இல்லை.

அந்தத் துணுக்கு என் கைப்பேசியில் ஓடியபோது அவன் அறையின் கதவு திறந்திருந்தது. சிறிது நேரம் கழித்து வந்து, "என்னாலதான் உங்களை இப்படிப் பேசறாங்களாம்மா? வேணும்னா உங்களுக்காக இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காந்துட்டுப் போறேன்" என்றான். வேண்டாம் என்று சொன்னேன். என்றைக்காவது அவன் வந்தால் அவனாக வரட்டும், அவனைக் கூப்பிடுகிறவருக்காக வரட்டும், அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற வர வேண்டாம். தாய்மாரைக் குற்றப்படுத்துகிற இந்தப் பிரசங்கங்களால் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள் என்று நினைக்கிறவர்கள், எப்படிப்பட்ட வருகையை உண்டாக்குகிறீர்கள் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று வந்து உட்காருகிற பிள்ளையால் வரிசை நிரம்பும், அவ்வளவுதான்.

அந்தத் துணுக்கு என் கணவருக்கு ஒருவரிடமிருந்துகூட வரவில்லை. அதே வீட்டில்தான் அவரும் இருக்கிறார், அதே பிள்ளைக்குத்தான் அவரும் தகப்பன். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல், பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் வளர்க்கும்படி பிதாக்களையே பெயர் சொல்லி அழைத்து எழுதுகிறார். ஏலியின் வீட்டிலும் பிள்ளைகளை அடக்காததற்காகக் கணக்குக் கேட்கப்பட்டது தகப்பனிடம்தான். என் கணவரின் மேல் குற்றத்தைத் தள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர் நல்ல தகப்பன். ஆனால் பிள்ளை பரிசு வாங்கிய நாட்களில் அவரிடம் கைகுலுக்கி, பிரதர், பையனை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று சொன்னவர்கள், இப்போது என்னிடம் மட்டும் வந்து ஜெபம் போதவில்லை என்று சொல்வது எந்த நியாயம்?

"பாஸ்டர் பொதுவாகத்தான் சொன்னார், நீங்கள் ஏன் உங்கள் மேல் எடுத்துக்கொள்கிறீர்கள்" என்றும் சொல்வீர்கள். பொதுவாகச் சொன்ன ஒன்றை எனக்கென்று அனுப்பியது யார்? ஜெபக்குழுவில் நான் என் பிள்ளைக்காகக் குறிப்பு கொடுத்தபோது, அதை ஜெபத்துக்காகக் கேட்டீர்களா, எனக்கு விரோதமான சாட்சிக்காகக் குறித்து வைத்துக்கொண்டீர்களா? அபிஷேகம் பெற்ற ஊழியர்களை விமர்சிக்கக் கூடாது என்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன்: பவுல் பிரசங்கித்ததையே பெரேயா பட்டணத்தார் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றே அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பிள்ளையை நடக்க வேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்று நீதிமொழிகள் 22:6ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள், அதே புத்தகத்தின் பத்தாம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்றும் பாருங்கள். மூடபுத்தியுள்ள மகன் தாய்க்குச் சஞ்சலமானவன் என்று அங்கே இருக்கிறது, தாய்தான் அவனை மூடனாக்கினாள் என்று இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் சொன்ன பிறகும் அந்தப் பழைய கேள்வியை நாம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் வலிக்கிறது வேறொன்று. என் மகன் சபைக்கு வருவதை நிறுத்திய பிறகு, என் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள் பலர். அவனுக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று அவனிடம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அவனைக் கைக்குழந்தையாக ஏந்திப் பிரதிஷ்டை செய்த நாளில் சபையாக எழுந்து நின்று, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்போம் என்று சொன்னது யார்? நான் தனியாகவா சொன்னேன்? அவனுக்கு ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர்கள், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அவன் மேய்ப்பனாக நடித்தபோது படம் எடுத்தவர்கள், தம்பி தம்பி என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறீர்கள். அவனுடைய கைப்பேசி எண் உங்களில் பலரிடம் இருக்கிறது.

ஆகவே அந்தத் துணுக்கை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற தங்கைக்கும் இதையே சொல்கிறேன்: ஞாயிறு ஆராதனைக்கு நான் வருவேன், வழக்கம்போல உன் பக்கத்திலேயே உட்காருவேன், உன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் என் மகனைப் பற்றி உனக்கு உண்மையாகவே பாரம் இருந்தால், இந்த வாரம் அவனைக் கூப்பிட்டுப் பேசு. யோபுவைப் பற்றியும், நல்லவர்கள் ஏன் துன்பப்படுகிறார்கள் என்பதைப் பற்றியும் அவன் நிறையக் கேட்பான். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடு, அதற்காக அவன் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டான்.